மாதம் ஒரு பெரிய தேர்வா, வாரம் ஒரு ஸ்லிப் டெஸ்டா: பிளஸ் டூ உயிரியல் ஆசிரியரின் கணக்கு

பிளஸ் டூ உயிரியலில் எந்த மாதம் எதுவரை பாடம் முடிப்பது என்பதில் ஆசிரியர்களுக்குள் பெரிய தகராறு கிடையாது. டிசம்பர் அரையாண்டுக்குள் முழுப் பாடமும் முடிந்தாக வேண்டும். ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள், பிறகு செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. தேதிகளே திட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிடும். தகராறெல்லாம் இடையில் வைக்கும் தேர்வில்தான். மாதம் ஒரு முறை பொதுத்தேர்வு மாதிரியில் 35 மதிப்பெண்ணுக்குப் பெரிய தேர்வு வைப்பதா, வாரா வாரம் 10 மதிப்பெண்ணுக்கு ஸ்லிப் டெஸ்ட் வைப்பதா, இல்லை நீட் பாணியில் ஒரு மார்க் கேள்விகளாகவே போட்டுத் தள்ளுவதா?

எங்கள் பள்ளியில் தாவரவியல் என் கையில், விலங்கியல் இன்னொரு சார் கையில். இருவரும் பேசி வார ஸ்லிப் டெஸ்டுக்கு மாறிவிட்டோம். அதனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வழியை முதலில் முடித்துவிடலாம். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல். அதற்குப் போகிற பிள்ளைக்கு ஒரு மார்க் பயிற்சி வேண்டும், சந்தேகமே இல்லை. திருத்தும் வேலையும் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆனால் நம் மாநிலப் பொதுத்தேர்வுத் தாளில் உயிரித் தாவரவியல் 35, உயிரி விலங்கியல் 35 என்று மொத்தம் 70. அதில் ஒரு மார்க் கேள்விகள் பகுதிக்கு 8, ஆக 16 மதிப்பெண். மீதி 54-ம் எழுதி வாங்க வேண்டியவை, படம் போட்டு வாங்க வேண்டியவை. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டே பழகிய மாணவனிடம் சூலின் படத்தை வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் பேனா நகராது. நீட் எழுதுகிறவர்களுக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம். வகுப்பு முழுவதற்கும் இது மட்டுமே போதாது.

பெரிய தேர்வுக்கு வருவோம். அதற்கென்று சில பலங்கள் உண்டு. 8 ஒரு மார்க், 4 இரண்டு மார்க், 3 மூன்று மார்க், 2 ஐந்து மார்க் என்ற புளூ பிரிண்ட் கைக்குப் பழகிவிடும். எந்த வினாவை விடுவது, ஐந்து மார்க்குக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவது என்பதெல்லாம் முழுத் தாளை எழுதினால்தான் வரும். பெற்றோர் கூட்டத்தில் காட்ட ஒரு மதிப்பெண் இருக்கும். தலைமையாசிரியரும் பதிவேட்டைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. காலாண்டு, அரையாண்டு, ஜனவரித் திருப்புதல் மூன்றையும் நாங்கள் முழு மாதிரியில்தான் நடத்துகிறோம். கேள்வி, ஜூலை முதல் நவம்பர் வரையிலான மாதங்களைப் பற்றியது.

அந்த மாதங்களில் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: திருத்துகிற நேரம்.

50 பேர் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 மதிப்பெண் தாளில் ஒரு பிள்ளைக்கு 17 விடைகள். ஒழுங்காகப் படித்துத் திருத்தினால் தாளுக்கு ஏழு நிமிடம் ஆகும். மொத்தம் 350 நிமிடம், ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஸ்லிப் டெஸ்டுக்குத் தாள் ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் போதும். 50 தாளுக்கு 75 நிமிடம். மாதம் நான்கு வைத்தால் ஐந்து மணி நேரம். கூட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்லிப் டெஸ்ட் வேலையைக் குறைக்கும் என்று நினைத்து யாராவது மாறினால் ஏமாந்துபோவார்கள்.

வித்தியாசம் அந்த ஆறு மணி நேரம் எப்போது கிடைக்கும் என்பதில் இருக்கிறது. வேலை நாளில் தொடர்ச்சியாக அப்படி ஒரு பொழுது யாருக்கும் வாய்ப்பதில்லை. ஒரு ஃப்ரீ பீரியட் கிடைத்தால், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி சப்ஸ்டிட்யூஷன் வந்துவிடும். அது போனால் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து. கட்டு மேசையிலேயே கிடக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தாளைக் கொடுக்கும்போது வகுப்பு அடுத்த பாடத்தின் நடுவில் இருக்கும். பிள்ளைகள் மொத்த மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், கூட்டலில் தவறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மடித்துப் பையில் வைப்பார்கள். நாம் சிவப்பு மையில் எழுதியதை யாரும் படிப்பதில்லை. 75 நிமிடம் என்றால் ஒரு ஃப்ரீ பீரியடிலும் மாலையில் அரை மணியிலும் முடிந்துவிடும். வியாழக்கிழமை வைத்த டெஸ்ட் வெள்ளிக்கிழமை கையில் இருக்கும். தான் ஏன் அப்படி எழுதினோம் என்பது பிள்ளைக்கு இன்னும் நினைவிருக்கும்போதே தாள் திரும்பி வருகிறது. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லா வாதங்களும் இதற்குப் பின்னால்தான்.

இனி உள்ளடக்கம். அரைத் தாள், 20 நிமிடம். அந்த வாரப் பாடத்திலிருந்து மூன்று ஒரு மார்க். போன மாதப் பாடத்திலிருந்து ஒரு இரண்டு மார்க். இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு படம், பாகம் குறித்தால் போதும். கடைசியாக ஒரு மூன்று மார்க், இதுவரை நடந்த எந்தப் பாடத்திலிருந்தும் வரலாம், புக் பேக்கில், அதாவது பாடத்தின் கடைசியில் உள்ள பயிற்சியில், இல்லாத கேள்வியாக இருக்கும். ஒரு மார்க் மூன்றையும் பக்கத்துப் பிள்ளையிடம் மாற்றிக் கொடுத்து வகுப்பிலேயே திருத்திவிடுகிறோம். மேலே சொன்ன ஒன்றரை நிமிடக் கணக்கு அதனால்தான் நிற்கிறது.

அந்தக் கடைசி மூன்று மார்க்குக்காகத்தான் இந்த ஏற்பாடே என்று சொல்வேன். மரபியலை எடுத்துக்கொள்ளுங்கள். முழுமையற்ற ஓங்குத்தன்மை (சிவப்பும் வெள்ளையும் கலந்தால் இளஞ்சிவப்பு வருவது போன்றது) நடத்திய வாரத்தில் அந்திமந்தாரை என்று எழுதியிருந்தாலே வகுப்பு முழுவதும் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை 1:2:1 என்று போட்டுவிடும். கேள்வியைப் படிக்கத் தேவையே இல்லை, அந்த வாரத்துக்கு விடை அதுதான். ஒரு பாடம் முடிந்ததும் அதில் மட்டும் வைக்கும் யூனிட் டெஸ்டிலும் இதே கதி, தலைப்பே விடையைக் காட்டிக்கொடுக்கிறது. ஒன்றரை மாதம் கழித்து இப்படிக் கேளுங்கள்: சிவப்புப் பூ அந்திமந்தாரையை இளஞ்சிவப்புப் பூ அந்திமந்தாரையோடு கலந்தால் என்ன விகிதம்? அப்போதும் பாதிப் பேர் 1:2:1 எழுதுவார்கள். பெற்றோரின் மரபணுக்களைக் கட்டம் போட்டுச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் சிவப்பும் இளஞ்சிவப்பும் 1:1 என்று வரும். கூடவே, உயரமான கலப்பினப் பட்டாணியைக் குட்டைப் பட்டாணியோடு கலந்தாலும் 1:1தான் வருகிறதே, இரண்டும் ஒரே காரணத்தாலா என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், யாருக்குப் புரிந்திருக்கிறது என்பது அரைத் தாளில் தெரிந்துவிடும்.

நம் பாடத்திட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெண்டல் தாவரவியல் புத்தகத்தில் இருக்கிறார். ரத்த வகையும் பால் சார்ந்த மரபும் விலங்கியல் புத்தகத்தில். டிஎன்ஏ இரட்டிப்பாதலும் அங்கேதான். இரண்டு ஆசிரியர்கள், இரண்டு யூனிட் டெஸ்ட் என்று போனால் பிள்ளைகள் இரண்டையும் வேறு வேறு பாடமாகவே மனதில் வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் இரண்டு பக்க மரபியலையும் ஒரே சமயத்தில் வரும்படி தள்ளி வைத்தோம். ஸ்லிப் டெஸ்ட் தாளும் பொதுவானது. ஒரு வாரம் நான் திருத்துவேன், மறுவாரம் அவர். அப்பா ஏ வகை, அம்மா பி வகை, குழந்தை ஓ வகையாக இருக்க முடியுமா என்ற விலங்கியல் கேள்விக்குப் பிள்ளைகள் தாவரவியலில் கற்ற கட்டத்தைப் போட்டு விடை எழுதுகிறார்கள். நெல்லின் இலைச் செல்லில் 24 குரோமோசோம் இருந்தால் கருவூண் திசுவில் எத்தனை, ஏன் என்பதும் இதே வகை. இலைச் செல்லில் இரண்டு தொகுதி குரோமோசோம், கருவூணில் மூன்று தொகுதி; ஜூனில் நடத்திய இரட்டைக் கருவுறுதல் நினைவிருந்தால்தான் 36 என்று வரும்.

இதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்தார்கள். இன்னொரு சாரார் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அது உரைநடைப் பகுதி, நம்முடையது கணக்கும் படமும் கலந்த பாடம். அதனால் அப்படியே ஒட்டிப் பார்க்க முடியாது, திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பள்ளியே போடும் அகமதிப்பீட்டு மதிப்பெண் 10-ல் தேர்வுகளுக்கென்று 4 இருக்கிறது. ஸ்லிப் டெஸ்ட் மதிப்பெண்ணை அதில் சேர்க்கச் சொல்லி அழுத்தம் வரும். நான் சேர்ப்பதில்லை. சேர்த்த அன்றே பார்த்து எழுதுவது தொடங்கிவிடும். 1988-ல் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்த ஆய்வில், விடைத்தாளில் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துத் தந்தபோது அந்தப் பலன் காணாமல் போனது. ஆசிரியர் அறையில் இருக்கும் எவருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது. மூன்று மார்க் விடைக்கு நான் எண் போடாமல் மூன்றில் ஒன்றைத்தான் எழுதுகிறேன்: ‘தெரியவில்லை’, ‘தெரிந்தும் எழுத வரவில்லை’, ‘கேள்வியைப் படிக்கவில்லை’. மூன்றாவது வகைதான் எப்போதும் அதிகம்.

பிளஸ் ஒன்னுக்கு இந்த முறை இன்னும் பொருந்தும் என்று படுகிறது. 2017-18-ல் அங்கே பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு ஒரு காரணம், பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப்போய் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்ததுதான். 2025-ல் அந்தப் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. இனி செல், ஒளிச்சேர்க்கை, மனித உடலியல் எல்லாம் நிஜமாகவே நடந்ததா என்று பார்ப்பது பள்ளிக்குள்ளேயே நடந்தாக வேண்டும். நீட் இரண்டு வருடப் பாடத்திலிருந்தும் கேட்கும் என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்டினால் எதிர்ப்பும் குறையும்.

என் கை நீளாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். செய்முறைக்கு இது எந்த விதத்திலும் உதவவில்லை. ஸ்பாட்டரை, அதாவது பார்த்து அடையாளம் சொல்ல வேண்டிய மாதிரியை, மேசையில் வைத்துத்தான் பழக்க வேண்டும். சிபிஎஸ்இ பள்ளியில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே ஒரு பத்தியைப் படித்து விடை எழுதும் நான்கு மார்க் கேள்விகள் இரண்டு வருகின்றன, செய்முறை 30, எனவே வேறு கணக்கு வேண்டியிருக்கலாம். மெல்லக் கற்கும் மாணவர்கள் விஷயத்தில் எனக்கே உறுதி இல்லை. சிலருக்கு வாரா வாரம் சின்னத் தோல்வி பயத்தைப் போக்கியது. சிலர் வியாழக்கிழமைகளில் வராமல் போனார்கள். கிழமையை மாற்றி மாற்றி வைத்தபோது வருகை சற்றுத் தேறியது. அதற்கு மேல் சொல்லும் அளவுக்கு நான் பார்க்கவில்லை.

இரண்டு செக்‌ஷன், ஒவ்வொன்றிலும் 60, 70 பேர் என்றால் 75 நிமிடக் கணக்கு உடைந்துவிடும். அப்போதும் பெரிய தேர்வுக்குத் திரும்ப வேண்டாம். எல்லாரையும் எழுத வையுங்கள், எல்லாத் தாளையும் வாங்குங்கள், மூன்றில் ஒரு பங்கை மட்டும் முழுதாகத் திருத்துங்கள். எந்த வரிசை என்பதைத் தாள்களை வாங்கிய பிறகு சீட்டு எடுத்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் கரும்பலகையில் விடையைப் பார்த்துத் தாங்களே திருத்திக்கொள்ளட்டும். மூன்று வாரத்தில் ஒரு சுற்று வந்துவிடும்.