லீவு நாளில் பட்டம்: மரினா அணைக்கட்டுக் கூரையும் மலிவு விலை டெல்டாவும்

சிங்கப்பூரில் ஓய்வு நாள் வந்தால் பிள்ளைகள் விளையாடுவார்கள், பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்வார்கள். பட்டம் அதற்கு இடம் கொடுக்காது. நூல் கையில் இருக்கும்வரை கைப்பேசியைத் தொட முடியாது, கண்ணை வானத்திலிருந்து எடுக்க முடியாது, காற்று விழுந்தால் வாய்விட்டுக் கத்தாமல் இருக்கவும் முடியாது. நாற்பதைத் தாண்டியவர்கள் கூச்சமே இல்லாமல் குழந்தையாகிவிடும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், மரினா அணைக்கட்டின் புல்கூரையைத்தான் காட்டலாம். அந்த இடத்தையும், அங்கே பலர் கையில் இருக்கும் பத்து இருபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள, முக்கோண இறக்கை கொண்ட டெல்டா பட்டத்தையும் சேர்த்தே இங்கே எடைபோடுகிறோம். ஒன்று இல்லாமல் மற்றொன்றைப் பேசிப் பயனில்லை.

இடத்தைப் பற்றி முதலில். 2008ல் திறக்கப்பட்ட இந்த அணைக்கட்டு மரினா கால்வாயின் வாயில் 350 மீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்டது. ஒரு பக்கம் நீர்த்தேக்கம், மறுபக்கம் கடல். கட்டடத்தின் சுருள்பாதையில் நடந்து ஏறினால் கூரை முழுவதும் புல்வெளி. நுழைவுக் கட்டணம் கிடையாது. கரையோரப் பூந்தோட்டங்கள் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பட்டம் விடுபவர்களுக்கு இதன் அருமை ஒரே விஷயத்தில்தான்: கடற்பக்கம் காற்றை மறைக்க எதுவும் இல்லை. வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளுக்கு நடுவே உள்ள திடலில் காற்று வீசுவது போலத் தெரியும், ஆனால் கட்டடங்களில் மோதிச் சுழன்று வரும். பட்டம் பத்து மீட்டர் ஏறி, குட்டிக்கரணம் அடித்து விழும். பாதிப் பேர் “எனக்குப் பட்டம் விட வராது” என்று முடிவு கட்டுவது இப்படிப்பட்ட இடங்களில் முயன்றதால்தான்.

ஆனால் அணைக்கட்டுக் கூரையிலும் எங்கே நிற்கிறோம் என்பது முக்கியம். கடலைப் பார்த்த விளிம்பில் நின்றால் நல்ல காற்று கிடைக்கும் என்று பலரும் அங்கேதான் போகிறார்கள். சுவரில் மோதி மேலெழும்பும் காற்று விளிம்பை ஒட்டிச் சுழலும், பட்டம் நிலைகொள்ளாது. புல்வெளியின் நடுப்பகுதிக்கு வந்துவிடுங்கள். நிழல் கிடையாது என்பதால் மாலை நாலரைக்குமேல் போவது நல்லது. ஏழு மணி வாக்கில்தான் சூரியன் மறையும், இரண்டரை மணி நேரம் தாராளம். ஞாயிறு மாலை ஐந்தரைக்குமேல் கூட்டம் நெருக்கும், நூல்கள் பின்னிக்கொள்ளும். வார நாளில் லீவு போட முடிந்தால் கூரை கிட்டத்தட்ட உங்களுக்கே.

காற்று எப்போது வரும்? “ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்” என்பது இங்கேயும் ஓரளவு செல்லும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சிங்கப்பூரில் அது பெரும்பாலும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும், அதாவது கடலிலிருந்து நேராகக் கூரைக்கு. பட்டம் நகரத்தின் பக்கம் பறக்கும், படத்துக்கும் அதுதான் அழகு. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அதில் முதல் பாதி மழை, பிப்ரவரியில் வானம் வெளுத்துக் காற்று நன்றாக அடிக்கும். சீனப் புத்தாண்டு விடுமுறை இதற்கு வாகான காலம். தீபாவளி விடுமுறையில்தான் ஏமாற்றம்: அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று மெலிந்து திசைமாறும், பிற்பகலில் இடியுடன் மழை. ஏப்ரல், மே மாதங்களும் அப்படியே. வானிலைச் செயலியில் காற்றின் வேகம் மணிக்கு 10 முதல் 25 கிலோமீட்டர் என்று இருந்தால் கிளம்பலாம். மரத்தில் சிறு கிளைகள் விடாமல் ஆடினால் போதுமான காற்று. 30ஐத் தாண்டினால் மலிவுப் பட்டத்தின் கம்பி தாங்காது.

இனிப் பட்டம். சென்னைக் காத்தாடியோடு வளர்ந்தவர்களுக்கு டெல்டா முதலில் பொம்மை மாதிரி தெரியலாம். காகிதக் காத்தாடி இழுத்தால் ஓடும், விட்டால் சுழலும், அதை ஆட்டிப்படைப்பதே ஒரு வித்தை. டெல்டா அப்படியில்லை. தானாக நிற்கும். முதல் நாளே மேலே ஏறிவிடும் என்பதால் பெரியவருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இதுவே சரி. இந்த ஊர் ஈரத்தில் காகிதமும் பசையும் தளர்ந்துபோகும் என்பது இன்னொரு காரணம்.

வாங்கும்போது இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 1.2 முதல் 1.6 மீட்டர் இருக்கிறதா பாருங்கள். அதைவிடச் சிறியது துடிக்கும், பெரியது பிள்ளை கையை இழுக்கும். துணி பாலியெஸ்டர் போதும். கம்பி கண்ணாடியிழையாக இருக்க வேண்டும், உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் குழாய் என்றால் வேண்டாம். நடுவில் கீழே தொங்கும் முக்கோணத் துணியில் நூல் கட்டும் ஓட்டை ஒன்றுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ இருந்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். சூத்திரம் (பட்டத்தின் சாய்வை அமைக்கும் கட்டு) போடும் வேலையை இந்த ஓட்டைகள் மிச்சப்படுத்துகின்றன: மூக்குப் பக்கத்து ஓட்டை பலத்த காற்றுக்கு, வால் பக்கத்து ஓட்டை மென்காற்றுக்கு. கடையில் யாரும் சொல்லித் தராத விஷயம் இது.

பட்டத்துக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை, கூடவே தரும் நூலுக்குத்தான். பெரும்பாலான மலிவுப் பட்டங்களில் ஒற்றை இழை நைலானும் வளையும் பிளாஸ்டிக் கைப்பிடியும் வரும். நைலான் இழுபடும், விரலை அறுக்கும், ஒருமுறை முறுக்கேறினால் அவிழாது. பின்னல் பாலியெஸ்டர் நூலாக, 20 முதல் 30 கிலோ தாங்கக்கூடியதை 50 மீட்டர் தனியாக வாங்கிச் சுற்றிக்கொள்ளுங்கள். தூண்டில் கடையில் கிடைக்கும் கொக்கியுள்ள சுழலி ஒன்றை நூல் முனையில் கட்டுங்கள். பட்டம் சுழன்றாலும் முறுக்கு நூலுக்கு வராது, பட்டத்தைக் கழற்றி மாட்டுவதும் நொடியில் முடியும். மாஞ்சா மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணாடித்தூள் பூசிய நூல் பக்கத்தில் ஓடும் குழந்தையின் கழுத்தைத் தேடிப் போகும். அடுத்தவர் பட்டத்தை அறுக்கும் ‘டீல்’ ஆசையை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

ஏற்றுவதற்கு ஓட வேண்டியதே இல்லை. ஓடும்போது பின்னால் பார்க்க முடியாது, நூல் தொய்கிறதா என்று தெரியாது, நின்றதும் பட்டம் விழும். இருவர் இருந்தால், ஒருவர் காற்று போகும் பக்கமாக 20 மீட்டர் தள்ளி நின்று பட்டத்தை மூக்கு மேலே பார்க்க, அடிவயிற்றுத் துணி நூல்காரரைப் பார்க்கப் பிடிக்கட்டும். காற்று நிரம்பியதும் விட்டால் போதும், தூக்கி எறியக் கூடாது. நூல்காரர் இரண்டு கை இழுப்பு இழுத்தால் ஏறிவிடும். தனியாள் என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பட்டத்தைக் கையிலிருந்தே விட்டு, நூலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காற்று தளர்ந்தால் ஒரு மீட்டர் இழுத்து அரை மீட்டர் விடுங்கள். இந்த இழுத்து விடும் தாளம் கைக்கு வந்த கணத்தில் வயது மறந்துபோகும்.

கோளாறுகளைப் பட்டமே சொல்லிவிடும், பார்க்கத் தெரிய வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சுழன்றால் இறக்கைக் கம்பி ஒன்று அதற்கெனத் துணியில் தைத்த பையின் அடிவரை போகவில்லை, அல்லது குறுக்குக் கம்பி இணைப்பிலிருந்து பாதி கழன்றிருக்கிறது. இரு பக்கமும் மாறிமாறித் தத்தளித்தால் காற்று அதிகம், ஒரு நீள வால் கட்டுங்கள் அல்லது மூக்குப் பக்கத்து ஓட்டைக்கு மாறுங்கள். கனமாக இழுத்துக்கொண்டு மேலே ஏற மறுத்தாலும் மூக்குப் பக்கத்து ஓட்டைதான் மருந்து. தலைக்கு நேர்மேலே மிதந்து வந்து, நூல் தொய்ந்து, முன்னே சறுக்கினால் வால் பக்கத்து ஓட்டைக்கு மாறுங்கள்.

பக்கத்துப் பட்டத்தோடு நூல் பின்னிக்கொண்டால் இழுக்காதீர்கள். ஒரே இடத்தில் நூலோடு நூல் உரசினால் சூட்டில் உருகி அறுந்துவிடும். இருவரும் நூலை ஓட விடாமல் பிடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, சுற்றி வந்து அவிழுங்கள். அங்கே முன்பின் தெரியாதவர்கள் சிரித்துப் பேசத் தொடங்குவது பெரும்பாலும் இந்தச் சிக்கலில்தான்.

இறக்கும்போது செய்யும் தவறு, பட்டம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியில் சுற்றுவது. அழுத்தத்தில் பிளாஸ்டிக் நசுங்கும், நூல் ஒன்றுக்குள் ஒன்று புதையும். ஒருவர் கைப்பிடியோடு நிற்க, மற்றொருவர் நூலைக் கையால் அமுக்கியபடி பட்டத்தை நோக்கி நடந்தால் பட்டம் தானாக இறங்கி வரும். பிறகு தளர்ந்த நூலை எட்டு வடிவில் சுற்றலாம். பட்டம் நீர்த்தேக்கத்திலோ கடலிலோ விழுந்தால் விட்டுவிடுங்கள். பத்து வெள்ளிப் பட்டத்துக்காக வேலி தாண்ட வேண்டாம்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அனுமதி இல்லாமல் பட்டம் கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது, விமானத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் விடக் கூடாது. பாசிர் ரிஸ் பூங்காவும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கின் சாங்கிப் பக்க முனையும் இதனால்தான் பட்டத்துக்கு ஆகாது. 50 மீட்டர் நூல் 60 டிகிரியில் நின்றால் உயரம் ஏறக்குறைய 43 மீட்டர், அதோடு கூரையின் உயரமும் சேரும். நூறு மீட்டர் நூலை முழுக்க விட்டால் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். தேசிய தின அணிவகுப்பு, அதன் ஒத்திகை நாள்களில் மரினா வட்டார வான்வெளிக்குத் தனிக் கட்டுப்பாடு வரும், கிளம்பும் முன் அறிவிப்பைப் பாருங்கள்.

இடிச் சத்தம் கேட்டவுடன் இறக்கிவிட்டுக் கட்டடத்துக்குள் போக வேண்டும். “இன்னும் அஞ்சு நிமிஷம்மா” என்று பிள்ளை கெஞ்சும், அப்பாவும் கெஞ்சுவார். இருவருக்கும் ஒரே பதில்தான். திறந்த கூரையில் உயரமாக நிற்பது நீங்கள்தான்.

வீட்டுக்கு வந்ததும் கடற்காற்றின் உப்பு போகத் துணியை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிட்டு, குறுக்குக் கம்பியைக் கழற்றியே சுருட்டி வையுங்கள். மாட்டியபடியே மடக்கினால் முதலில் ஒடிவது அதுதான். ஒடிந்தால் பட்டத்தைத் தூக்கிப்போட வேண்டாம், அதே தடிமனில் கண்ணாடியிழைக் கம்பி வாங்கிப் பழைய நீளத்துக்கு வெட்டி, முனையில் டேப் சுற்றிச் செருகினால் பழையபடி பறக்கும்.