ஃபைபரும் ரெசினும் கெட்டியா ஒட்டணுமா, கொஞ்சம் லூசா இருக்கணுமா?

காம்போசிட்னு, அதாவது ரெசின் மாதிரி ஒண்ணுக்குள்ள ஃபைபர் இழைகள வச்சு செய்யுற பொருள்னு, பேச்சு வந்தாலே என்ன ஃபைபர், என்ன ரெசின்னுதான் கேக்குறாங்க, ரெண்டும் ஒட்டுற இடத்த (இன்டர்ஃபேஸ்) யாரும் கண்டுக்கிறதில்ல, ஆனா பல நேரம் விரிசலே அங்கதான் ஆரம்பிக்குது.

கெட்டியான பாண்டிங்னா கிளாஸ் ஃபைபருக்கு சைலேன்னு, கண்ணாடியையும் ரெசினையும் இணைக்குற ஒரு ரசாயனத்த பூசுவாங்க, கார்பன் ஃபைபரா இருந்தா மேற்பரப்ப ஆக்ஸிடைஸ் பண்ணி சைசிங்னு ஒரு மெல்லிசான பூச்சு போடுவாங்க. இதோட அருமை ஃபைபர் குட்டையா இருக்கும்போதுதான் தெரியும். கெல்லி-டைசன் கணக்குப்படி, ஃபைபரோட ஸ்ட்ரெங்த்த அதோட விட்டத்தால பெருக்கி, இன்டர்ஃபேஸ் ஷியர் ஸ்ட்ரெங்த்தோட (ஒட்டுன இடம் வழுக்காம தாங்குற அளவு) ரெண்டு மடங்கால வகுத்தா கிரிட்டிக்கல் லென்த், அதாவது ஃபைபர் தன் முழு பலத்த காட்ட குறைஞ்சது இருக்க வேண்டிய நீளம், வந்துடும். 2000 மெகாபாஸ்கல் ஃபைபர், விட்டம் 15 மைக்ரான், இன்டர்ஃபேஸ் 30 மெகாபாஸ்கல்னு வச்சுக்குங்க, 0.5 மில்லிமீட்டர். அதே இன்டர்ஃபேஸ் 10-க்கு இறங்கிட்டா 1.5 மில்லிமீட்டர் வேணும். இன்ஜெக்‌ஷன் மோல்டிங்ல ஸ்க்ரூல அடிபட்டு நொறுங்கி வர்ற ஃபைபர்ல பெரும்பாலானது ஒரு மில்லிமீட்டர்கூட தேறாது, அப்போ ஃபைபர் தன்னோட முழு பலத்த காட்டுறதுக்குள்ள உருவிக்கிட்டு வந்துடும், காசு குடுத்து வாங்கின ஸ்ட்ரெங்த் வீண்தான். ஈரத்துல கெடக்குற பார்ட்டுக்கும் சைலேன் இல்லாம சரிப்படாது, தண்ணி உள்ள போய் ஒட்டுனத விட வச்சுடும்.

சரி, அப்போ முடிஞ்ச மட்டும் கெட்டியா ஒட்டிடலாமேன்னா அதுவும் வம்புதான். ரெசின்ல ஓடி வர்ற விரிசல் நிக்காம ஃபைபரையும் சேத்து வெட்டிட்டு போயிடும், பார்ட் பட்டுனு உடையும். லூசான பாண்டிங்ல விரிசல் ஃபைபர் ஓரமா திரும்பிடும், அப்புறம் ஃபைபர் உரசிக்கிட்டே வெளிய வர்றதுல நெறைய எனர்ஜி செலவாகும். புல்லட் தடுக்குற அராமிட் பேனல்ல அளவா ஒட்டுனா போதும்னு விடுறது இதுக்குத்தான். ரெசினுக்கு பதிலா செராமிக் இருக்குற செராமிக் மேட்ரிக்ஸ்ல இது கட்டாயமே: சிலிக்கான் கார்பைட் ஃபைபர் மேல போரான் நைட்ரைடோ கார்பனோ ஒரு மைக்ரானோ அதவிட கம்மியாவோ மெல்லிசா பூசலன்னா, ஃபைபர் இருந்தும் வெறும் செராமிக் மாதிரியே உடையும்.

ஆனா லூசா விட்டா குறுக்கு வாக்குல இழுக்குற ஸ்ட்ரெங்த்தும் அமுக்குற லோடு தாங்குறதும் அடி வாங்கும். அதனால எபாக்ஸி, நைலான்னா என் ஓட்டு நல்ல பாண்டிங்குக்கு, செராமிக்னா கண்ண மூடிட்டு லூசுக்கு.

டேட்டா ஷீட்ல 0 டிகிரி டென்சைல் (ஃபைபர் ஓடுற திசையிலயே இழுத்து பாக்குற டெஸ்ட்) மட்டும் பாத்து மயங்காதீங்க, நீளமான ஃபைபர்ல அந்த நம்பர் இன்டர்ஃபேஸ் சுமாரா இருந்தாலும் நல்லாவே வரும். 90 டிகிரி டென்சைலும் (ஃபைபருக்கு குறுக்கே இழுக்குறது) ஷார்ட் பீம் ஷியரும் (குட்டையான துண்ட வளைச்சு அடுக்குகள் வழுக்குதான்னு பாக்குறது) கேளுங்க, அதுவும் தண்ணில ஊறப்போட்டதுக்கு அப்புறம் எடுத்தது.