ஓக்லாந்தின் ‘சீஸ்ஃபயர்’ சேவை: கட்டும் வரிக்குத் தகுமா?

கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் தனி வீடு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு 198 டாலர் சிறப்பு வரி கட்டுகிறார்கள். 2024 நவம்பரில் ‘மெஷர் என்என்’ என்ற பெயரில் வாக்காளர்களே ஒப்புக்கொண்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு விதித்துக்கொண்ட வரி அது. போலீஸ், தீயணைப்பு, அவசர அழைப்பு என்று பல செலவுகளுக்குப் போகும் அந்தப் பணத்தில் ஒரு பகுதி வன்முறைத் தடுப்புக்கும் வருகிறது. அந்த வேலையின் மையம் 2012 முதல் நடக்கும் ‘சீஸ்ஃபயர்’ (போர்நிறுத்தம்): சுடவோ சுடப்படவோ அதிக வாய்ப்புள்ள சிலரைக் கண்டறிந்து, நேரில் எச்சரித்து, உதவியும் தரும் சேவை. முழுமையாக நடந்த ஆண்டுகளில் இந்தச் சேவை செலவான பணத்துக்கு மேலாகவே திருப்பித் தந்தது. அரைகுறையாக நடந்த ஆண்டுகளில் எதையும் தரவில்லை.

இதற்குப் போட்டியாக எல்லா ஊரிலும் முன்வைக்கப்படுவது ஒன்றுதான்: தண்டனையைக் கடுமையாக்கு. ஓக்லாந்துக்காரர்களுக்கு அது புதிதல்ல. 1998 முதல் கலிஃபோர்னியாவில் ‘10-20-ஆயுள்’ சட்டம் நடப்பில் இருக்கிறது. கொள்ளை, கொலை போன்ற கடுங்குற்றத்தில் துப்பாக்கியைக் காட்டினால் கூடுதலாக 10 ஆண்டு. சுட்டால் 20. ஆளுக்குப் பலத்த காயமோ சாவோ நேர்ந்தால் 25 முதல் ஆயுள் வரை. இவை மூலக் குற்றத்துக்கான தண்டனைக்கு மேலே ஏறுபவை. அமெரிக்காவிலேயே மிகக் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களில் ஒன்று இது. அது நடப்பில் இருந்தபோதே, 2006இல் ஓக்லாந்தின் கொலை எண்ணிக்கை 140ஐத் தாண்டியது. 2012இலும் 120க்கு மேல்.

ஏன் வேலை செய்யவில்லை? துப்பாக்கியை இடுப்பில் செருகுபவன் கணக்கில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. ஒன்று, எதிர்க்கும்பல் இன்றைக்கே சுடலாம். மற்றொன்று, போலீஸ் என்றைக்காவது பிடிக்கலாம். அமெரிக்கப் பெருநகரங்கள் பலவற்றில் காயத்தோடு முடியும் துப்பாக்கிச்சூடுகளில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் கைதாவதே இல்லை. பிடிபடும் வாய்ப்பு இவ்வளவு குறைவாக இருக்கும்போது 10 ஆண்டை 20 ஆக்கினாலும் தெருவில் நிற்பவனுக்கு எதுவும் மாறுவதில்லை. பல நேரம் அவனுக்கு அந்தப் பிரிவே தெரியாது. வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறான், அதுவும் கைதான பிறகு. செலவோ கொஞ்சமல்ல. கலிஃபோர்னியச் சிறையில் ஒருவரை ஓராண்டு வைத்திருக்க 1,25,000 டாலருக்கு மேல் ஆகிறது. ஒருவருக்குப் பத்தாண்டு கூட்டினால் பன்னிரண்டரை லட்சம் டாலர், அதிலும் பெரும்பகுதி அவர் சுடும் வயதைக் கடந்த பிறகு.

சீஸ்ஃபயர் தொடங்குவது ஆட்களிடமிருந்து. முதல் வேலை, ஒன்றரை ஆண்டுக் கொலைக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துப்பறிவாளர்களோடு உட்கார்ந்து, யார் யாரைச் சுட்டார்கள், என்ன தகராறு, எந்தக் கும்பல் என்று எழுதுவது. ஓக்லாந்தில் அப்படி எழுதியபோது, நகர மக்களில் சுமார் 0.3 சதவீதம் பேரைச் சுற்றியே பெரும்பாலான கொலைகள் நடப்பது தெரிந்தது. அவர்களின் சராசரி வயது முப்பதை ஒட்டி இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான திட்டங்களில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்த நகரத்துக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்தது வாராந்திரக் கூட்டம். போன வாரத்தின் ஒவ்வொரு துப்பாக்கிச்சூட்டையும் எடுத்து, அடுத்து யார் பழிவாங்கக்கூடும், யார் பலியாகக்கூடும் என்று பேசுவார்கள். யாரை நேரில் அணுக வேண்டும் என்ற பட்டியல் அங்கேதான் புதுப்பிக்கப்படுகிறது. இந்தப் பகையின் ஆயுள் சில நாட்கள், சில வாரங்கள்தான். ஆறு மாதப் பழைய பட்டியலில் இருப்பவர்களில் பலர் சிறையில் இருப்பார்கள், அல்லது சமாதானமாகியிருப்பார்கள், அல்லது செத்திருப்பார்கள்.

பிறகு ‘கால்-இன்’ எனப்படும் நேரடி அழைப்பு. பரோலிலோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ இருக்கும் பத்து இருபது பேரை வரவழைப்பார்கள். இடம் பெரும்பாலும் தேவாலயமோ சமூகக் கூடமோதான். போலீஸ் நிலையத்தில் வைத்தால் வருபவன் காதை மூடிக்கொண்டுதான் வருவான். ஒரு மணி நேரம் போதும். மகனைப் பறிகொடுத்த தாய் பேசுவார், நீண்ட சிறைக்காலம் முடித்து வந்தவர் பேசுவார், போதகரும் அரசு வழக்கறிஞரும் பேசுவார்கள். சொல்வது மூன்றே செய்தி: நீ உயிரோடு இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம்; உதவி இதோ, இந்த எண்ணில்; உன் கும்பலில் யாராவது இதற்குப் பிறகு சுட்டால் சட்டத்தின் முழுக் கவனமும் உங்கள் எல்லோர் மீதும் திரும்பும். கூட்டத்துக்கு அழைக்கும் அளவுக்கு நேரம் இல்லாதபோது அதிகாரியும் சமூக ஊழியரும் சேர்ந்து வீட்டுக்கே போய்ச் சொல்வார்கள்.

தண்டனையின் பங்கு இந்த மூன்றாவது செய்தியில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் விதத்தை 1996இல் பாஸ்டனில் இந்த முறை பிறந்தபோதே காணலாம். நீண்ட குற்றப் பின்னணி உள்ள ஒருவர் ஒரே ஒரு தோட்டாவை வைத்திருந்ததற்காகக் கூட்டாட்சி நீதிமன்றம் 19 ஆண்டு 7 மாதம் கொடுத்தது, பரோல் கிடையாது. அந்தச் சட்டம் அதற்கு முன்பே இருந்தது, யாருக்கும் தெரியாது. பாஸ்டனில் அவர் படத்தோடு சுவரொட்டி அடித்து, அதே நிலையில் இருந்த இளைஞர்களின் கையில் கொடுத்தார்கள். இருந்த தண்டனை, சேரவேண்டியவர் காதுக்குச் சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்நகரில் இளைஞர் கொலைகள் சுமார் 63 சதவீதம் குறைந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணித்தார்கள். வேறு காரணங்களும் இருந்திருக்கும் என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஓக்லாந்தில் கிடைத்த பலன் அதைவிட அடக்கமானது, ஆனால் கவனமாக அளக்கப்பட்டது: மற்ற கலிஃபோர்னிய நகரங்களோடு ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு, துப்பாக்கிக் கொலைகள் 31 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. 2018இல் நகரின் மொத்தக் கொலைகள் 70க்குக் கீழே வந்தன. கவனியுங்கள், அதே 2018 முதல்தான் 10-20-ஆயுள் கூடுதல் தண்டனையைத் தள்ளுபடி செய்யும் உரிமை நீதிபதிகளுக்குக் கிடைத்தது.

உதவிப் பக்கம்தான் இந்தச் சேவையில் முதலில் பழுதாகும் பாகம். ‘லைஃப் கோச்’ என்று ஓர் ஆளுக்கு ஒரு வழிகாட்டி. அவர் கையில் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஓராண்டுக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் தொடர்பில் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் எடுப்பது, நிலுவை வாரண்டைத் தீர்ப்பது, ஆபத்து முற்றினால் ஊரை விட்டுக் கொண்டுபோய்த் தங்கவைப்பது எல்லாம் அவர் வேலை. ஒருவர் கையில் நாற்பது பேரைத் திணித்தால் அது தொலைபேசி எண் உள்ள துண்டுச்சீட்டாகச் சுருங்கிவிடும். உதவி கேட்டு அழைத்தவனுக்குப் பதில் வராவிட்டால், மற்ற இரண்டு செய்திகளையும் அவன் நம்பப்போவதில்லை.

ஓக்லாந்தில் அதுதான் நடந்தது. 2020க்குப் பிறகு பெருந்தொற்றால் நேரடிக் கூட்டங்கள் நின்றன, போலீஸ் தலைமை மாறியது, உதவிப் பணம் அதிக ஆபத்தில் இருந்தவர்களைத் தாண்டி வேறு பலருக்கும் பரவியது. 2021இல் கொலைகள் மறுபடி 120ஐத் தாண்டின. 2024 ஜனவரியில் வெளிவந்த தணிக்கை, நகரம் இந்த முறையைப் படிப்படியாகக் கைவிட்டதைப் பக்கம் பக்கமாகக் காட்டியது. அந்த ஆண்டே பழைய ஒழுங்குக்குத் திரும்பினார்கள். கொலைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. அந்த ஆண்டு நாடெங்கும் குறைந்தது உண்மை, எனவே முழுப் பெருமையையும் இதற்கே கொடுக்க முடியாது. பாஸ்டனும் 2000ஐ ஒட்டி இதைக் கைவிட்டு, சாவு கூடிய பின் மீண்டும் தொடங்கிய ஊர்தான். பால்டிமோர் இரண்டு முறை தொடங்கித் தோற்று, 2022இல் மூன்றாம் முறை நகரின் மேற்கு மாவட்டத்தில் மட்டும் சிறிதாக ஆரம்பித்த பிறகே பலன் கண்டது. 

குறைகளையும் சொல்ல வேண்டும். பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதைப் போலீஸ் தீர்மானிக்கிறது; தவறாகச் சேர்க்கப்பட்டவர் வெளியேற எளிய வழி இல்லை. ஒருவன் சுட்டதற்காகக் கும்பல் முழுவதையும் குறிவைப்பது, கூடப் படித்தவன் என்பதற்காக உடன் நிற்பவனையும் இழுத்துவிடும். மேற்பார்வை தளர்ந்த ஊரில் இது தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதிக்கும் பழைய போலீஸ் வழக்கமாக மாறிவிடும் என்ற பயம் நியாயமானது. குடும்பத்துக்குள் நடக்கும் துப்பாக்கிக் கொலைகளுக்கும் தற்கொலைகளுக்கும் இந்தச் சேவை எதுவும் செய்யாது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொள்பவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

உங்கள் நகரம் இதை வாங்கப்போவதாக அறிவித்தால், பட்ஜெட் கூட்டத்தில் நான்கு எண்களைக் கேளுங்கள்: பட்டியல் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி, இந்த மாதம் நேரில் பேசப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் வழிகாட்டி கிடைத்தவர்கள் எத்தனை பேர், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர். தேதி ஒரு மாதத்துக்கு முந்தியது என்றால் மற்ற மூன்றுக்கும் வரும் பதிலை நம்பாதீர்கள்.