காகிதமா, கேன்வாஸா? அரூப ஓவியப் பிரதி வாங்கும்போது

அரூப ஓவியத்தின் நல்ல பிரதி ஒன்றை வாங்கி மாட்டலாம் என்று தேடினால், கடைசியில் இரண்டில்தான் வந்து நிற்போம். ஒன்று, பருத்திக் காகிதத்தில் அச்சிட்டு, சுற்றிலும் மவுண்ட் என்னும் அட்டைச் சட்டம் வைத்து, கண்ணாடி போட்டது. மற்றது, கேன்வாஸில் அச்சிட்டு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியது. இரண்டின் மேலும் ‘ஆர்கைவல்’, அதாவது நெடுநாள் கெடாது, என்று எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய சொல் அது, நான் கண்டுகொள்வதில்லை.

கேன்வாஸ் பார்த்ததும் அசத்தும். பளபளப்பு இல்லை, எடை குறைவு. ஆனால் ஓரத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் மடிக்கத் துணி வேண்டும் என்று படத்தின் விளிம்பையே மடித்துவிடுவார்கள். இயற்கைக் காட்சி என்றால் கொஞ்சம் வானம் போகும், சரி. நேர்கோடுகளும் வண்ணக் கட்டங்களுமாக வரைந்த மோன்ட்ரியன் என்றால்? அவருடைய படங்கள் பலவற்றில் கறுப்புக் கோடு விளிம்புக்குச் சற்று முன்பே நின்றுவிடும். அந்த இடைவெளி மடிப்புக்குள் போய்விட்டால் கோடு விளிம்பு வரை ஓடும். அது வேறு படம். ஓவியர் பால் க்ளே காகிதத்தில் வாட்டர்கலரில் வரைந்ததைத் துணி நெசவின் மேல் பார்ப்பதும் ஒட்டவில்லை.

காகிதத்துக்கு எதிரி கண்ணாடிதான். பெரிய வண்ணப் பரப்புகளாக வரைந்த ரோத்கோவின் அடர்ந்த அரக்குச் சிவப்பைச் சாதாரணக் கண்ணாடிக்குள் வைத்தால் உங்கள் முகம்தான் தெரியும். பிரதிபலிக்காத கண்ணாடி விலை கூட. புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் எளிதில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும்.

பிரேமுக்குள் இருப்பதைத்தான் நாம் கேட்க மறக்கிறோம். நான் முன்பு வாங்கிய ஒரு பிரதியைச் சில வருடம் கழித்துப் பிரித்தேன். மவுண்டின் வெட்டு ஓரம் நெடுகப் படத்தில் பழுப்புக் கோடு. அட்டையிலிருந்த அமிலத்தின் வேலை. மவுண்டுக்கு அடியில் மறைந்திருந்த நீலம் புதிதாக இருந்தது, வெளியே தெரிந்த நீலம் வெளுத்திருந்தது. சீக்கிரம் வெளுக்கும் சாய மை! அப்புறம் எளிதில் வெளுக்காத நிறமி மை, அமிலமில்லா அட்டை இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். அப்படியும் வெயில் படும் சுவர் வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக ரோத்கோ வரைந்து 1964இல் மாட்டிய அசல் ஓவியங்களே வெளிச்சத்தில் சிவப்பு வெளிறி, 1979இல் கழற்றப்பட்டன.

என் ஓட்டு பெரும்பாலும் காகிதத்துக்கு. பெரிய அளவு, அடர்வண்ணம், கண்ணாடியும் பிடிக்காது என்றால் மட்டும் கேன்வாஸ். அப்போதும் மடிப்புக்கென்று நாலு பக்கமும் தனியாக வெள்ளை ஓரம் விட்டு அச்சிடச் சொல்லுங்கள்.