சூப்பர்சார்ஜர் காரில் இன்டர்கூலர் அப்கிரேட்: இரண்டு கோடை ஓட்டிய பிறகு

என்னுடையது வி6 எஞ்சின். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. அழுத்தும்போது சூடாகும் அந்தக் காற்றைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலர். பழைய மினி கூப்பர் எஸ் (ஆர்53) காரில் பானெட் துளை வழியாக வரும் காற்றே இன்டர்கூலரைக் குளிர்விக்கும். என் காரில் அப்படி இல்லை. மெர்சிடிஸ் இ55 ஏஎம்ஜியில் உள்ளதுபோல இன்டர்கூலருக்கென்று தனிக் கூலன்ட் (குளிர்விக்கும் தண்ணீர்) சுற்று, பம்பருக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டர், ஒரு மின்சார பம்ப். அந்த ரேடியேட்டரையும் பம்பையும் பெரிதாக மாற்றி இரண்டு கோடைகாலம் ஓட்டியாகிவிட்டது.

மாற்ற நினைத்ததற்கு ஒரே காரணம், பிக்கப் நிலைக்காததுதான். ஆக்ஸிலரேட்டரின் முதல் மிதியில் பாய்கிற வண்டி, நாலைந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் மந்தமாகிவிடும். 30 டிகிரியில் இருக்கும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், சூப்பர்சார்ஜரை விட்டு வரும்போது அது 90 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டை இன்டர்கூலர் இறக்கியே ஆக வேண்டும். இறக்காவிட்டால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வரக்கூடாது என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, தீப்பொறி விழும் நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பின்தள்ளும், சக்தி குறையும். காற்றின் அடர்த்தி குறைவதும் சேர்ந்துகொள்ளும். 70 டிகிரிக் காற்றைவிட 50 டிகிரிக் காற்று அதே அழுத்தத்தில் 6 சதவீதம் அடர்த்தியானது.

பாகம் வாங்கும் முன் சூடு எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். முன் ரேடியேட்டருக்குள் போகும் ஹோஸிலும் வெளியே வரும் ஹோஸிலும் ஒவ்வொரு வெப்ப சென்சார் ஒட்டினேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் வெப்பத்தை, காரின் கணினித் தகவல்களைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரில் பார்த்தேன். இரண்டு ஹோஸுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் தண்ணீர் மெதுவாகச் சுற்றுகிறது, பம்ப் போதவில்லை என்று அர்த்தம். வித்தியாசம் குறைவாகவும் இரண்டுமே சூடாகவும் இருந்தால் ரேடியேட்டர் போதவில்லை, அல்லது அதற்குக் காற்று வரவில்லை. தண்ணீர் குளிர்ந்தே இருந்தும் காற்று மட்டும் கொதித்தால், மேனிஃபோல்டுக்குள் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) இருக்கும் இன்டர்கூலர் கோர்தான், அதாவது காற்றின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பகுதிதான் தடை. அப்போது முன்னால் எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது.

எனக்கு வந்தது இரண்டாவது வகை. அதனால் முதலில் ரேடியேட்டர். அதை மாற்றியதும் இரு ஹோஸுக்கும் இடையிலான வித்தியாசம் கூடியது. சரி, இனி பம்ப் என்று அதையும் மாற்றி, தனி ரிலே, தனி ஃபியூஸ் கொடுத்தேன். பெரிய ரிசர்வாயர் (கூலன்ட் தொட்டி) வைக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் வைக்கவில்லை. கூடுதல் தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும், ஆனால் சூடான பிறகு ஆறவும் அதே அளவு நேரம் எடுக்கும். சில நொடிப் பந்தயத்துக்கு அது லாபம், மலைப்பாதைக்கு இல்லை.

பலன் என்ன? 35 டிகிரி வெயிலில் ஏற்றம் ஏறும்போது 70 டிகிரியைத் தொட்ட காற்று இப்போது 50ஐ ஒட்டி நிற்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, ஒரு வேகமெடுப்புக்குப் பிறகு அது கீழே இறங்கும் விதம். முன்பு அடுத்த நேர்ப்பாதை வரும்வரை சூடு இறங்காது. இப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே ஸ்கேனரில் எண் சரியத் தொடங்குகிறது. முதல் மிதியின் வேகத்தில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. கூடுதல் குதிரைத்திறனை எதிர்பார்த்து இதைச் செய்யாதீர்கள்.

நெரிசலில் நிற்கும்போது இது பெரிதாக உதவாது. ரேடியேட்டருக்குக் காற்று வராது, கீழே எஞ்சின் சூப்பர்சார்ஜரைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும். புது ரேடியேட்டர் ஏசி கண்டென்சருக்கு (ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம்) முன்னால் இருப்பதால், நின்ற நிலையில் ஏசியின் குளிர்ச்சி கொஞ்சம் குறைந்ததையும் உணர்கிறேன். ஓட்டத்தில் அது தெரிவதில்லை.

கூலன்ட் நிரப்பும்போது அவசரம் வேண்டாம். ஏர் லாக் (குழாயில் சிக்கிய காற்று) இருந்தால் எந்தப் பம்பாலும் பயனில்லை. காற்றை உறிஞ்சிவிட்டு நிரப்பும் வேக்குவம் ஃபில்லர் கிடைத்தால் அதிலேயே நிரப்புங்கள். தண்ணீர் உறையும் குளிர் இல்லாத இடமென்றால் உறைவதைத் தடுக்கும் கிளைக்கால் (glycol) திரவம் தண்ணீரோடு பாதிக்குப் பாதி தேவையில்லை, அந்தக் கலவையின் வெப்பம் ஏற்கும் திறன் தண்ணீரைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டிஸ்டில்டு வாட்டரோடு துருத்தடுப்பான் கலந்து ஓட்டுகிறேன், நிறம் மாறாமல் இருக்கிறது.

அப்புறம், இந்தச் சுற்றின் கூலன்ட் மட்டத்தை அடிக்கடி பாருங்கள். வெளியே கசிவு இல்லாமல் மட்டம் மட்டும் இறங்கினால், உள் கோர் ஓட்டையாகி கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப் போகும் அளவு கூடினால், அழுத்த முடியாத திரவம் பிஸ்டனைத் தடுத்து (ஹைட்ராலிக் லாக்), பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்ட் செய்து பார்க்கும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.