செஞ்சியா, மாமல்லபுரமா? ஓர் ஆண்டைப் படமெடுக்க ஏற்ற இடம்

மாதம் ஒரு முறை ஒரே இடத்துக்குப் போக வேண்டும். குறித்து வைத்த அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் ஒரு படமாவது எடுக்க வேண்டும். ஆண்டு முடிவில் பன்னிரண்டையும் சுவரில் வரிசையாக ஒட்டிப் பார்க்க வேண்டும். என் திட்டம் இவ்வளவுதான். திண்டிவனத்தில் குடியிருப்பவனுக்கு இதற்கு மூன்று இடங்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன: செஞ்சிக் கோட்டை, மாமல்லபுரம், வேடந்தாங்கல். மூன்றிலும் காலணி தேய அலைந்த பிறகே இதை எழுதுகிறேன்.

வேடந்தாங்கலைச் சீக்கிரமாக முடித்துவிடலாம். பறவைப் படம் மட்டுமே நோக்கம் என்றால் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஊர்மக்களே வேட்டைக்காரர்களைத் தடுத்துக் காத்துவந்த ஏரி அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1798-இலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்தக் காவல் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். நீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் கூழைக்கடாவும் கிளைக்குக் கிளை அடைந்திருக்கும் காட்சியை மாலை ஐந்து மணிக்குக் கரைமேல் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் கார்த்திகையில் களைகட்டும் இடம் பங்குனி முடிவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. மழை பொய்த்த ஆண்டில் ஏரியும் நிறையாது, பறவைகளும் வராது. கரையை விட்டு இறங்க முடியாது என்பதால் தூரத்தை அருகே காட்டும் 400 மி.மீ. டெலி லென்ஸாவது வேண்டும். ஓராண்டுத் திட்டத்துக்கு இது பாதியில் கிழிந்த நாட்காட்டி. வருடம் இரண்டு முறை போய்வரலாம், அதற்கு மேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை.

ஆகவே உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

மாமல்லபுரத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அதன் பலம். பல்லவர்கள் ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் செதுக்கியும் கட்டியும் வைத்தவை எல்லாம் நடந்துபோகும் தூரத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரே நாளில் கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதங்கள் என்று மூன்று வேறு விதமான ஒளியில் வேலை செய்யலாம். திசையைக் கவனித்தால் போதும். தபசுப் பாறை கிழக்கு நோக்கியது, ரதங்களில் பெரும்பாலானவை மேற்கு நோக்கியவை. காலையில் முன்னதற்கும் மாலையில் பின்னவற்றுக்கும் போக வேண்டும் என்று வழிகாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள்.

ரதங்கள் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. தபசு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாறையில் காலை ஏழு மணி வெயில் நேருக்கு நேராக அடிக்கிறது. நிறம் அழகாக வரும், ஆனால் செதுக்கலின் மேடு பள்ளம் தட்டையாகிவிடும். ஒளி பாறையை உரசிக்கொண்டு போனால்தான் யானையின் வயிற்று மடிப்பும், பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையின் விலா எலும்பும் எழுந்து நிற்கும். அதற்குப் பத்தரை, பதினொரு மணி வேண்டும். அதிலும் மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தெற்கே ஒதுங்கியிருப்பதால், பாறையைப் பார்த்து நிற்பவருக்கு இடப்புறத்திலிருந்து சாய்ந்த ஒளி வரும். ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வேளையில் அது நேர் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. அப்போது ஒவ்வொரு உருவத்தின் கண்ணுக்குக் கீழும் கரி பூசியதுபோல நிழல் விழும்.

கடற்கரைக் கோயிலில் பருவத்தைத் தீர்மானிப்பது வாயில் கதவு. காலை ஆறு மணிக்குத் திறக்கிறார்கள். ஜூன் தொடக்கத்தில் சூரியன் ஐந்தே முக்காலுக்கு முன்பே எழுந்துவிடுகிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போவதற்குள் பொன்னிற வெளிச்சம் போய்விடும். ஜனவரி பிற்பகுதியில் சூரியோதயம் ஆறரைக்கு மேல். அப்போது உள்ளே நிதானமாக நடந்து, இடம் தேர்ந்து, மூச்சு வாங்கிக் காத்திருக்கலாம். எழும் புள்ளியும் இடம் மாறும். இந்த அட்சரேகையில் நேர் கிழக்கிலிருந்து கோடையில் வடக்கே 24 பாகை வரை, மார்கழியில் தெற்கே அதே அளவு. கோயில் விமானத்துக்குப் பின்னால் சூரியனை வைத்து நிழலுருவம் எடுக்க விரும்புபவர் மார்கழியில் வடமேற்கிலும் ஆனியில் தென்மேற்கிலும் நிற்க வேண்டும். இது தெரியாமல் முதல் ஆண்டில் இரண்டு பயணங்களை வீணாக்கினேன்.

இப்போது மனக்குறை. ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மாமல்லபுரப் படங்களைப் பக்கத்தில் வைத்தால் எது எந்த மாதம் என்று எனக்கே தெரியவில்லை. கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் புல்வெளி வளர்த்து நீர் பாய்ச்சுகிறார்கள். அது மார்கழியிலும் பச்சை, வைகாசியிலும் பச்சை. கல் எப்போதும் அதே கல். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் கடல் கலங்கிப் பழுப்பேறி, அலை கற்குவியலில் மோதிச் சிதறுகிறது. வானம் கறுத்து, கோயில் ஈரத்தில் ஊறி நிற்கும் அந்தச் சில நாட்கள் அபாரமானவை. அந்தப் படங்களைத் தவிர்த்துவிட்டால் மற்றவை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் எடுத்ததாகச் சொன்னாலும் நம்புவார்கள். அங்கே மாறுவது மணி, மாதம் அல்ல. கூட்டமும் ஒரு சங்கடம். விடுமுறை நாளில் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவதுபோல் நிற்காத மனிதரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

செஞ்சி இதற்கு நேர்மாறானது. அங்கே கட்டடங்கள் மாமல்லபுரத்துச் சிற்பங்களுக்கு ஈடாகாது. அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். தானியக் களஞ்சியமும் உடற்பயிற்சிக் கூடமும் அருகில் போய்ப் பார்த்தால் பெரிய சுவர்கள், அவ்வளவுதான். ஆனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் இணைத்துச் சுமார் 13 கி.மீ. ஓடும் மதிலுக்குள் பாறை, புதர், குளம், வயல், பனை என்று ஒரு முழு நிலப்பரப்பே இருக்கிறது. அதற்கு யாரும் நீர் பாய்ச்சுவதில்லை. மழை வந்தால் பச்சை, வராவிட்டால் சாம்பல்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தது இங்கே எனக்குப் பயன்பட்ட அளவுக்கு எந்தக் கேமராக் கையேடும் பயன்படவில்லை. ஆவணி, புரட்டாசிக் கார்காலத்தில் பகல் முழுக்க வெயில் காய்ந்து, மாலை நான்கு மணிக்கு மேற்கே இடிமேகம் திரளும். ராஜகிரியின் உச்சி மட்டும் வெயிலில் மின்ன, அதன் பின்னால் வானம் மை பூசியதுபோல் இருக்கும் காட்சி பத்து நிமிடம் நிலைத்தால் அதிர்ஷ்டம். ஐப்பசி, கார்த்திகைக் கூதிரில் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் நிறைந்துவிடும். காற்று அடங்கிய காலையில் குன்று முழுதாகத் தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கும். மழை ஓய்ந்த உடனே போக வேண்டும். ஈரப் பாறை அப்போது கருநீலமாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் வெளுத்துவிடும். ஈரப் பளபளப்பைக் குறைக்க, லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஒன்று கையில் இருந்தால் நல்லது. இந்த இடத்துக்கு நான் செய்த ஒரே உருப்படியான செலவு அதுதான்.

முன்பனியில், அதாவது மார்கழி, தையில், சம்பா வயல் மஞ்சளாகத் தொடங்கும். விடியற்காலை மூடுபனி வயலின் மேல் படுத்திருக்க, குன்றுகள் அதற்கு மேலே மிதக்கும். கோட்டை வாயிலைத் திறப்பது விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் என்பதால் இந்தப் படத்தை வெளியிலிருந்துதான் எடுக்க முடியும். அதில் ஒரு நட்டமும் இல்லை. ஊர்ப் பக்கத்து வயல் வரப்பில் நின்றால் கிழக்கு வெளிச்சம் முதுகில் இருக்கும், எதிரே ராஜகிரி சிவக்கும். மாசி, பங்குனியில் புல் காய்ந்து வைக்கோல் நிறமாகி, மதிலும் பாறையும் மண்ணும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். கறுப்பு வெள்ளைக்கு ஏற்ற மாதங்கள் இவை.

அடுத்து இளவேனில். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். சித்திரையும் வைகாசியும் சேர்ந்த அந்தப் பருவத்துக்குள்தான் கத்திரி வெயில் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் கானல் அலையடிப்பதால் டெலி லென்ஸ் போட்டால் தூரத்து மதில் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். விலை கூடிய லென்ஸ் வாங்கியும் இதைத் தீர்க்க முடியாது. அகலக் கோணத்துக்கு மாறி, கல்யாண மகாலின் வளைவுகளுக்குள் ஒதுங்கி நிழலைப் படமெடுப்பதே புத்திசாலித்தனம். அடுக்கடுக்காக எழுந்து கூம்பாக முடியும் அந்தக் கோபுரத்தை மாமல்லபுரத்து எந்தக் கல்லும் ஞாபகப்படுத்தாது. கோட்டை கைமாறிய கதையும் அப்படித்தான்: நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, பிறகு எட்டாண்டு முற்றுகைக்குப் பின் முகலாயர், ஆற்காட்டு நவாபை எதிர்த்து 1714-இல் மாண்ட தேசிங்கு ராஜன், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். பள்ளிவாசலும் வேங்கடரமணர் கோயிலும் ஒரே சட்டகத்துக்குள் வருவது இதனால்தான். அந்தக் கோயிலின் தூண்களில் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். செஞ்சிப் படத்தொகுப்புக்கு ஒரு படம் புதுச்சேரியில் எடுக்க வேண்டியிருக்கிறது என்பது வேடிக்கை.

செஞ்சிக்குள்ளேயே இன்னொரு போட்டி இருக்கிறது, அதைத்தான் பலரும் தவறாக முடிவுசெய்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ராஜகிரிக்கே ஏறுகிறார்கள். சுமார் 800 அடி உயரம், உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பிளவு, அதன்மேல் சிறு பாலம் என்று சாகசமாகத்தான் இருக்கும். ஏறி இறங்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். உச்சியிலிருந்து எல்லாம் தெரியும், ராஜகிரியைத் தவிர. செஞ்சியின் முகமே ராஜகிரிதான். அதன் தலைமேல் நின்றுகொண்டு அதை எப்படிப் படமெடுப்பது? சாலைக்கு வடக்கே இருக்கும் கிருஷ்ணகிரி உயரம் குறைவு, படிகள் சீரானவை, கூட்டமும் குறைவு. பாதி ஏறியதும் திரும்பிப் பார்த்தால் சாலை, வயல், கீழ்க்கோட்டை, அதற்கு அப்பால் ராஜகிரி முழுதாக நிற்கும். என் மாதப் படங்கள் எல்லாம் அந்தப் படிகளில் ஒரே திருப்பத்திலிருந்து எடுத்தவை, எல்லாமே 50 மி.மீ. லென்ஸில். மார்கழியில் ஒளி இடப்புறத்திலிருந்து சாய்ந்து வந்து ஒவ்வொரு பாறையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. ஆனியில் அதே காலை வேளையில் ஒளி முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதால் குன்று தட்டையாகிறது. மூன்றாவது குன்றான சந்திராயன் துர்க்கத்துக்குச் சரியான பாதை கிடையாது. முள்ளும் உருண்டைப் பாறையுமாக இருக்கும். தனியாகப் போகாதீர்கள்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் போதும், பின்தொடரும். என் லென்ஸ் மூடி ஒன்று ராஜகிரிச் சரிவில் எங்கேயோ கிடக்கிறது. தின்பண்டம் என்று நினைத்துப் பிடுங்கிய குரங்கு கடித்துப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு வீசியெறிந்தது. கேமரா முக்காலி விஷயத்தில் இரண்டு இடமும் ஒன்றுதான். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பதால் முன் அனுமதி இல்லாமல் முக்காலியும் டிரோனும் கூடாது. மாமல்லபுரம் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். செஞ்சி 2025 ஜூலையில், மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. கூட்டம் இனி கூடும். வார நாளில் போய்விடுங்கள்.

தூரத்தையும் மறைக்கக் கூடாது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி 28 கி.மீ., திருவண்ணாமலை பஸ் ஏறினால் கோட்டைக்கு நடுவிலேயே சாலை போகிறது. மாமல்லபுரம் எனக்கு அதைவிட மூன்று மடங்கு தூரம். சென்னையில் இருப்பவருக்குக் கணக்கு தலைகீழ்: அங்கிருந்து மாமல்லபுரம் அறுபது கி.மீ.க்குள், செஞ்சி நூற்றறுபது. மாதாமாதம் போக முடியாத இடம் எவ்வளவு நல்ல இடமாக இருந்தும் பயனில்லை. முழங்கால் வலி உள்ளவர், குழந்தைகளை அழைத்துப் போகிறவர், சிற்பத்தின் நுணுக்கத்தில் மனம் தோய்கிறவர் ஆகிய மூவரும் தயங்காமல் மாமல்லபுரம் போகலாம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவருக்கும் அதுதான். பருவத்தைப் படமெடுக்க விரும்புகிறவருக்குச் செஞ்சி, அதிலும் கிருஷ்ணகிரிப் படி.

என் சுவரில் பதினொரு படங்கள் இருக்கின்றன. ஆடி மாதத்து இடம் காலி. ஆடிக் காற்றில் படியில் நிற்கவே முடியவில்லை. பாறையில் சாய்ந்து, ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்தும் எல்லாமே கலங்கிப்போயின. இந்த முறை ஒரு துணிப்பையில் மணல் நிரப்பி எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன், படிக்கல்லின் மேல் வைத்து அதன்மேல் கேமராவை அமுக்கிப் பிடிக்க. மணல் மூட்டையை முக்காலி என்று வாசலில் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நம்புகிறேன்.