பிளாப் முடித்தவர்களே, அட்டாச்மென்ட் ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள்

1,600 பவுண்டு போய்விட்டது. நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல், வீட்டில் நகைக்கடன் வாங்கி அனுப்பிய பணம். நேற்றுதான் கடைசியாக அந்த ஏஜென்சிக்காரர்கள் என் நம்பரையும் பிளாக் செய்தார்கள்.

பிளாப் என்பது வெளிநாட்டு டாக்டர்கள் பிரிட்டனில் வேலை பார்க்க எழுதும் தேர்வு. மான்செஸ்டரில் அதன் இரண்டாம் கட்டமான பிளாப் 2 முடித்ததும் எல்லோரும் தேடுவது கிளினிக்கல் அட்டாச்மென்ட்தான். சம்பளம் கிடையாது, வைத்தியம் பார்க்கவும் கூடாது, மருத்துவமனையில் டாக்டர்களோடு கூட நின்று பார்க்கலாம். ஆனாலும் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவர் எப்படி நடக்கிறது, கன்சல்டன்ட் என்கிற மூத்த டாக்டர் சொல்வதில் சந்தேகம் வந்தால் ஜூனியர் எப்படிக் கேட்கிறார், கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் முதல் வேலையில் சேர எல்லோருக்கும் பயம். அந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

என்னை ஏமாற்றியது, வெளிநாட்டு டாக்டர்களுக்கு வழிகாட்டுவதாகச் சொல்லும் ஓர் ஆன்லைன் ஏஜென்சி. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள். வீடியோ காலில் வந்தவர் சுத்தமான மதுரைத் தமிழில் பேசினார். "நானும் இங்க வந்து முட்டி மோதினவன்தாம்மா. அண்ணன் இருக்கேன், பயப்படாதீங்க" என்றார். நைட் டியூட்டியில் டாக்டரை அழைக்கும் பேஜர் பீப் அடித்தபோது முதல்முறை கை உதறியதை அவர் விவரித்த விதத்தில், இவர் நிஜமாகவே அந்த வார்டில் நின்றவர் என்று நம்பினேன். பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் பெயர் போட்ட கடிதத்தைத் திரையில் காட்டினார். அக்யூட் மெடிசின் (திடீர் நோயோடு வருபவர்களைப் பார்க்கும் பிரிவு), நான்கு வாரம், முடிவில் கன்சல்டன்ட் தரும் ரெஃபரன்ஸ், அதாவது பரிந்துரைக் கடிதம். அட்டாச்மென்ட் இல்லாவிட்டால், டாக்டர்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் மருத்துவ கவுன்சிலான ஜிஎம்சியில் பதிவே இழுத்தடிக்கும் என்றார். பச்சைப் பொய். பதிவுக்கு ஜிஎம்சி அதைக் கேட்பதே இல்லை. அன்று ராத்திரியே 1,600 பவுண்டு அனுப்பினேன்.

போய்ப் பார்த்தால் அது ஒரு தனியார் கிளினிக். வார்டும் இல்லை, ரவுண்ட்ஸும் இல்லை. அங்கிருந்த டாக்டருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கடைசியில் வந்த ரெஃபரன்ஸும் ஏஜென்சியின் லெட்டர்ஹெட்டில்! வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில், மருத்துவமனை மின்னஞ்சலிலிருந்து வந்தால்தான் ஏற்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அண்ணன் காணாமல் போனார். "சார் மீட்டிங்ல இருக்காங்க." "அக்கவுன்ட்ஸ்ல கேட்டுச் சொல்றோம்." அப்புறம் இன்னொரு பெண், "நீங்க சரியா ஒத்துழைக்கலன்னு ரிப்போர்ட் வந்திருக்கு" என்றார். யார் கொடுத்த ரிப்போர்ட் என்றால் பதில் இல்லை. விசிட்டர் விசா ஆறு மாதம்தான். அது கரையும் வரை இழுத்தால் ஊருக்குப் போய்விடுவோம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அட்டாச்மென்ட் தேடுவது பற்றி விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: கன்சல்டன்ட்டுக்கோ மருத்துவமனையின் மெடிக்கல் எஜுகேஷன் பிரிவுக்கோ நீங்களே மெயில் போடுங்கள். சில இடங்களில் கட்டணம் உண்டு, அதை மருத்துவமனைக்கே கட்டுங்கள். யாராவது கடிதம் காட்டினால் மருத்துவமனை ஸ்விட்ச்போர்டுக்கு போன் போட்டு விசாரியுங்கள். வேலை தேடித் தர உங்களிடம் காசு கேட்பது பிரிட்டனில் 1973 சட்டப்படியே குற்றம். பிரிட்டன் அரசு மருத்துவமனை வேலைகளுக்கு என்ஹெச்எஸ் ஜாப்ஸ், டிராக் தளங்களில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம். தனி ஆள் பெயரில் உள்ள கணக்குக்கு ஒரு பவுண்டுகூட அனுப்பாதீர்கள்.